மிதிவண்டிப் பந்தயமும் மகளிரும்

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி)



விளையாட்டைப் பற்றி நம் ஆண்டு மலரில் எழுதுவோர் பெரும்பாலும் உடல்நலம், ஒழுக்கம், ஒற்றுமை ஆகிய மூன்றின் சிறப்பையும் சொல்லி முடித்துவிடுவார்கள். அவை யாவும் உண்மையே. ஆயினும் நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. ஐரோப்பிய நாடுகளின் நெடுஞ்சாலைகளில் நடைபெறும் மகளிர் மிதிவண்டிப் பந்தயத்தைப் பற்றியும், ஆடவர் பந்தயத்திற்குக் கிடைக்கும் மதிப்பு அதற்கு ஏன் முழுமையாகக் கிடைக்கவில்லை என்பதைப் பற்றியும் எழுத விரும்புகிறேன். "நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சற்றுப் பொறுமையோடு படியுங்கள்.

நம் ஊரில் மிதிவண்டிப் பந்தயம் என்றால் பொங்கல் விழாவில் நடக்கும் ஸ்லோ சைக்கிள் போட்டிதான் பலருக்கும் நினைவு வரும். அதில் காலை ஊன்றாமல் கடைசியாக வருபவருக்கே பரிசு. பிரான்ஸ் நாட்டில் நடக்கும் 'டூர் டி பிரான்ஸ்' அப்படிப்பட்டதன்று. 1903-ஆம் ஆண்டு தொடங்கிய இந்தப் பந்தயத்தில் ஆடவர் இப்போது மூன்று வாரங்களில் 21 கட்டங்களாக மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறார்கள். சமவெளி, காடு, மேடு, ஆல்ப்ஸ் மலை எல்லாம் வழியில் வரும். ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவரே மஞ்சள் சட்டை அணிவார்.

வேகமாக மிதிப்பவர் வெல்வார், அவ்வளவுதானே என்று நானும் முதலில் எண்ணினேன். பார்க்கப் பார்க்கத்தான் அதிலுள்ள நுட்பம் விளங்கிற்று. முன்னே செல்பவர் காற்றைக் கிழித்துக்கொண்டு செல்ல வேண்டும். அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிச் செல்பவருக்கோ உழைப்பு வெகுவாகக் குறைகிறது. ஆகவே ஓர் அணியில் ஒருவர் வெல்வதற்காக மற்றவர்கள் முறை வைத்துக் காற்றை ஏற்றுக்கொள்கிறார்கள். தண்ணீர்ப் புட்டி கொண்டுவந்து கொடுக்கிறார்கள். தலைவி விழுந்துவிட்டால் நின்று காத்திருந்து இழுத்து வருகிறார்கள். மாலையில் பரிசு மேடையில் ஏறுபவர் ஒருவர். அவரை அங்கே ஏற்றிவிட்டவர்கள் பெயரைப் பலர் கேட்பதுகூட இல்லை. (நம் வீடுகளில் இப்படி உழைப்பவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.)

பெண்களுக்கான டூர் டி பிரான்ஸ், இப்போதுள்ள வடிவில், 2022-ஆம் ஆண்டு தொடங்கியது. எட்டுக் கட்டங்கள். முதல் ஆண்டு நெதர்லாந்து நாட்டின் அனமீக் வான் வ்ளூட்டன் வென்றார். அடுத்த ஆண்டு அதே நாட்டின் டெமி வோலரிங். ஆனால் நான் விரிவாகச் சொல்ல விரும்புவது 2024-ஆம் ஆண்டுப் பந்தயத்தைத்தான்.

அந்த ஆண்டு பந்தயம் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் தொடங்கியது. டெமி வோலரிங் மஞ்சள் சட்டையுடன் முன்னணியில் இருந்தார். ஆகஸ்ட் 15-ஆம் நாள், நாம் இங்கே கொடியேற்றி, தேவ அன்னையின் விண்ணேற்பு விழாத் திருப்பலியும் கண்டு களித்த அதே நாளில், ஐந்தாம் கட்டம் முடிய ஆறு கிலோமீட்டரே இருக்கும்போது, கூட்டமாக விழுந்தவர்களுள் அவரும் ஒருவரானார். எழுந்து வந்து சேர்வதற்குள் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் நிமிடம் போயிற்று. மஞ்சள் சட்டை போலந்து நாட்டின் கசியா நியெவியாடோமாவிடம் சென்றது.

கடைசி நாளான ஆகஸ்ட் 18 அன்று வோலரிங் ஒரு நிமிடம் 15 விநாடி பின்தங்கியிருந்தார். அன்றைய பாதை கிளாண்டன் என்னும் நெடிய மலையைக் கடந்து, 21 கொண்டையூசி வளைவுகள் கொண்ட ஆல்ப் துவேஸ் மலையுச்சியில் முடிவது. வோலரிங் கடைசி மலைவரை காத்திருக்கவில்லை. முந்திய மலையிலேயே பாய்ந்தார். பவுலியேனா ரோயாக்கர்ஸ் என்ற ஒருவர் மட்டுமே அவருடன் ஒட்டிக்கொண்டார். பின்னால் நியெவியாடோமா. அவருக்கு முன்னே செல்பவரைப் பிடிப்பது நோக்கமன்று. இடைவெளி பெருகிவிடாமல் காப்பதே நோக்கம். மலையில் ஏற ஏற இடைவெளி விரிகிறது, சுருங்குகிறது, மீண்டும் விரிகிறது. திரையின் மூலையில் அந்த எண் மாறிக்கொண்டே இருக்கும். இறுதிக்கோட்டை வோலரிங் முதலில் கடந்தார். கட்டத்தை வென்றவருக்குப் பத்து விநாடி கழிவு உண்டு. நான்காவதாக நியெவியாடோமா வந்து சேர்ந்தபோது கடிகாரம் ஒரு நிமிடம் ஒரு விநாடி காட்டியது.

இனி எளிய கழித்தல் கணக்குதான். 75 விநாடியிலிருந்து 61 போக 14. அதிலிருந்து 10 போக மீதி 4. எட்டுக் கட்டங்கள், இருபத்து நான்கு மணி நேரத்திற்கும் மேலான ஓட்டம், அதற்குப் பின் நான்கே விநாடி வித்தியாசத்தில் நியெவியாடோமா வென்றார். நூற்றாண்டைக் கடந்த ஆடவர் பந்தயத்தில்கூட மிகக் குறைந்த வித்தியாசம் எட்டு விநாடிதான். அது 1989-இல் அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட், பிரான்சின் லோரான் ஃபின்யோனை வென்றபோது. பெண்கள் பந்தயத்தில் விறுவிறுப்பு இல்லை என்பவர்கள் இந்த ஒரு நாள் ஓட்டத்தைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

எங்கள் மாமா ஆடவர் பந்தயத்தை ஓர் ஆண்டுகூட விடாமல் பார்ப்பவர். மகளிர் பந்தயத்திற்கு ஏன் சமமான பரிசு இல்லை என்று நான் கேட்டபோது, "சட்டியில் இருந்தால்தானே பாப்பா அகப்பையில் வரும்? விளம்பரம் தருகிறவன் பார்க்கிற கூட்டத்தைப் பார்த்துத்தான் பணம் தருவான்" என்றார். இது மாமாவின் கருத்து மட்டுமன்று. பந்தயம் நடத்துவோரும் இதையே வேறு சொற்களில் சொல்லி வந்திருக்கிறார்கள். ஆகையால் இதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில் கணக்கு. 2022-இல் மகளிர் பந்தயத்தின் மொத்தப் பரிசுத் தொகை இரண்டரை இலட்சம் யூரோ, வென்றவருக்கு 50,000. அதே ஆண்டு ஆடவர் பந்தயத்தின் மொத்தப் பரிசு இருபத்திரண்டு இலட்சம் யூரோவுக்கு மேல். வென்றவருக்கு ஐந்து இலட்சம். "அவர்கள் ஓட்டும் தூரம் அதிகம், ஆகவே பரிசும் அதிகம்" என்பது சிலர் கூறும் சமாதானம். நல்லது, கிலோமீட்டர் கணக்கிலேயே வகுத்துப் பார்த்தேன். பெண்கள் ஓட்டியது ஏறத்தாழ 1,030 கிலோமீட்டர். கிலோமீட்டருக்குச் சுமார் 243 யூரோ ஆகிறது. ஆண்கள் ஓட்டியது ஏறத்தாழ 3,350. கிலோமீட்டருக்குச் சுமார் 650. கூலிக் கணக்கிலே பார்த்தாலும் பாதிகூட இல்லை. வயலில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்று நம் பக்கத்தில் கேள்விப்பட்டது இங்கே நினைவுக்கு வருகிறதல்லவா?

இதைவிடப் பெரிய வேறுபாடும் உண்டு. 'பாரி–ரூபே' என்று ஒரு நாள் பந்தயம். கரடுமுரடான கருங்கற்கள் பாவிய பழஞ்சாலைகளில் நடப்பது; அதற்கு 'வடக்கின் நரகம்' என்றே பட்டப்பெயர். ஆண்களுக்கு 1896 முதல் நடக்கிறது. பெண்களுக்கு முதன்முதலாக நடந்தது 2021 அக்டோபர் 2-ஆம் நாள். இடையில் 125 ஆண்டுகள்! அந்த முதல் பந்தயத்தை இங்கிலாந்தின் லிசி டைக்னன் வென்றார். எண்பது கிலோமீட்டருக்கு மேல் தன்னந்தனியாக, மழையில் நனைந்த சேற்றுக் கற்களின்மீது ஓட்டி வந்தார். கையுறை அணியவில்லை, வந்து சேர்ந்தபோது கைப்பிடியில் இரத்தக் கறை. அவருக்குக் கிடைத்த பரிசு 1,535 யூரோ. மறுநாள் ஆடவர் பந்தயத்தை வென்ற இத்தாலியர் சோனி கோல்பிரெல்லிக்கு 30,000. வித்தியாசத்தை டைக்னனின் அணியை ஆதரித்த நிறுவனமே ஈடுசெய்தது என்பது அந்நிறுவனத்திற்குப் பெருமை, பந்தயத்திற்கு அன்று.

ஆனால் தோழியரே, என்னை மிகவும் சிந்திக்க வைத்தது அந்த 1,535 அன்று. டைக்னன் கூட்டத்தை விட்டுப் பிரிந்து பாய்ந்த அந்தக் கணத்தை உலகில் யாரும் தொலைக்காட்சியில் நேரடியாகக் காணவில்லை. ஒளிபரப்புத் தொடங்கும்போதே அவர் தனியாக வெகுதூரம் முன்னே போய்க்கொண்டிருந்தார். பந்தயத்தின் முடிவைத் தீர்மானித்த நிகழ்ச்சி ஒளிப்பதிவாளர்கள் வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. கதையின் முதற்பாதியைக் கிழித்துவிட்டுப் பிற்பாதியைக் கையில் கொடுத்து, "கதை சுவையாக இல்லையே" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

இதற்கு முந்திய நிலைமை இன்னும் மோசம். உலக மிதிவண்டிச் சங்கம் 2020 முதல், முதல்தரமான மகளிர் பந்தயங்கள் குறைந்தது 45 நிமிடமாவது நேரடியாக ஒளிபரப்பப்பட வேண்டும் என்று விதி செய்தது. மூன்று, நான்கு மணி நேரம் நடக்கும் பந்தயத்திற்கு 45 நிமிடம்! அதையும் விதி போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. மாமாவுக்கு என் விடை இதுதான்: சட்டியில் இல்லை என்பது மெய்யாகவே இருக்கலாம், ஆனால் சட்டியை அடுப்பில் ஏற்றவே விடாமல், அகப்பையில் ஏன் வரவில்லை என்று கேட்பது நியாயமாகாது. 2022-இல் மகளிர் டூர் டி பிரான்ஸை நாள்தோறும் இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஒளிபரப்பினார்கள். கடைசி நாள் பிரான்சில் மட்டும் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைக் கண்டார்கள். காட்டினார்கள், பார்த்தார்கள். இதில் மறைபொருள் ஒன்றுமில்லை. மாமா இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "உன்னை வக்கீலுக்குப் படிக்க வைக்கச் சொல்கிறேன்" என்றார். ஒப்புக்கொண்டாரா என்றால் இல்லை.

பரிசுத் தொகை சமமாக வேண்டும் என்று கேட்பதை நான் மறுக்கவில்லை. பெல்ஜியத்தின் புகழ்பெற்ற ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தில் இப்போது இருபாலார்க்கும் சமப்பரிசுதான். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரை ஒட்டி நடக்கும் பந்தயத்தில் 2019 முதலே சமம். ஆனால் பரிசு என்பது ஒரு நாள் ஒரு கைக்குப் போவது. காண்பதற்குரிய பந்தயமாக மதித்துத் தொடக்கம் முதல் முடிவு வரை காட்டுவதே முதற்படி என்பது என் உறுதியான கருத்து. மற்றவை அதன் பின்னே வரும்.

பெண்களால் இயலாது என்ற பேச்சுக்கு வருவோம். இது பழைய பேச்சு. இதற்கு விடையும் பழையதே. 1924-ஆம் ஆண்டு இத்தாலியைச் சுற்றிவரும் 'ஜிரோ' என்னும் ஆடவர் பந்தயத்தில் அல்போன்சினா ஸ்ட்ராடா என்ற பெண்மணி கலந்துகொண்டார். ஏழைக் குடியானவர் மகள். அந்த ஆண்டு பெரிய வீரர்கள் பணத் தகராறில் வராமல் ஒதுங்கியதால், நடத்துவோர் இவரைச் சேர்த்துக்கொண்டார்கள். பன்னிரண்டு கட்டங்கள், மூவாயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். அக்காலத்துச் சாலைகள் மண்ணும் கல்லும். காற்றும் மழையும் வீசிய ஒரு நாள் கீழே விழுந்து அவருடைய கைப்பிடி முறிந்துவிட்டது. அம்மையார் ஒரு துடைப்பக் கட்டையை வைத்துக் கட்டிக்கொண்டு மேலே ஓட்டினார்! ஊர் வந்து சேர்ந்தபோது கால வரம்பு கடந்திருந்தது. போட்டியிலிருந்து நீக்கப்பட்டாலும், மக்கள் அவரைக் காணவே திரண்டதால், கணக்கில் சேராமல் தொடர்ந்து ஓட்ட அனுமதித்தார்கள். புறப்பட்ட ஆண்கள் தொண்ணூறு பேரளவில். மிலான் நகரை அடைந்து முடித்தவர்கள் முப்பது பேர். அவர்களுடன் அல்போன்சினாவும் வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

இத்தாலியில் கோமோ ஏரியின் அருகே கிசாலோ அன்னை ஆலயம் ஒன்று குன்றின்மேல் உள்ளது. பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1949-ஆம் ஆண்டு அந்த அன்னையை மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். புகழ்பெற்ற வீரர்கள் தம் மிதிவண்டிகளையும் சட்டைகளையும் காணிக்கையாக அங்கே தந்திருக்கிறார்கள். அவற்றோடு அல்போன்சினாவின் மிதிவண்டியும் அத்தலத்தில் இடம்பெற்றிருக்கிறது. போட்டிக் கணக்கிலே கிடைக்காத இடம் அன்னையின் சந்நிதியில் கிடைத்தது.

இன்னொருவர் இங்கிலாந்தின் பெரில் பர்ட்டன். சிறுவயதில் கடும் காய்ச்சல் கண்டவர். கடினமான உடற்பயிற்சி கூடாது என்று எச்சரிக்கப்பட்டவர். தோட்ட வேலை செய்து பிழைத்துக்கொண்டே, ஏழு முறை உலகப் பட்டம் வென்றார். 1967-இல் பன்னிரண்டு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் ஓட்ட முடியும் என்றொரு போட்டி. ஆண்கள் புறப்பட்ட பின் பெண்கள் புறப்பட்டனர். மைக் மெக்நமாரா என்பவர் ஆண்களுள் முதல்வராக, ஆடவர் சாதனையையே முறியடிக்கும் வேகத்தில் போய்க்கொண்டிருந்தார். பெரில் அம்மையார் அவரையும் எட்டிப் பிடித்தார். எட்டிப் பிடித்தவர் என்ன செய்தார் தெரியுமா? தம் சட்டைப் பையிலிருந்து ஓர் அதிமதுர மிட்டாயை எடுத்து அவரிடம் நீட்டினார். அவரும் வாங்கிக்கொண்டார். பிறகு அம்மையார் முந்திச் சென்றுவிட்டார். அன்று மெக்நமாரா ஓட்டிய 276.52 மைல் ஆடவர் சாதனை. பர்ட்டன் ஓட்டியதோ 277.25 மைல்! இரண்டாண்டுகள் வரை எந்த ஆணும் அந்தத் தூரத்தைத் தாண்டவில்லை. பெண்களுள் 2017 வரை, அதாவது ஐம்பது ஆண்டுகள், எவரும் தாண்டவில்லை. இத்தகையவர் ஒலிம்பிக் பந்தயத்தில் ஒரு முறைகூடக் கலந்துகொள்ளவில்லை. காரணம், 1984 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மிதிவண்டிப் பந்தயமே இல்லை.

1984-இல் பிரான்சிலும் மகளிர் டூர் ஒன்று தொடங்கினார்கள். பதினெட்டுக் கட்டங்கள், ஆண்கள் ஓட்டும் அதே நாள்களில். அமெரிக்காவின் மரியான் மார்ட்டின் வென்றார். அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஆயிரம் டாலரும் ஒரு கோப்பையும். ஆடவரில் வென்ற ஃபின்யோனுக்கு ஒரு இலட்சம் டாலருக்கும் மேல். அந்த மகளிர் பந்தயம் 1989-க்குப் பின் நின்றுவிட்டது. இரண்டாம் முறை தொடங்க 33 ஆண்டுகள் ஆயின. அதுவும் தானாக வரவில்லை. 2013-இல் மரியான் வோஸ், எம்மா பூலி முதலிய வீராங்கனையர் ஏறத்தாழ ஒரு இலட்சம் கையொப்பங்கள் திரட்டிய பின்னரே, 2014-இல் பாரிஸ் நகரில் ஒரே ஒரு நாள் பந்தயம் கிடைத்தது.

இன்னொரு நிகழ்ச்சியைச் சொன்னால் சிரிப்பீர்கள். 2019 மார்ச் 2-ஆம் நாள் பெல்ஜியத்தில் ஆடவரும் மகளிரும் ஒரே சாலையில் முன்பின்னாக ஓட்டும் பந்தயம். ஆண்கள் புறப்பட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பெண்களை விட்டார்கள். சுவிட்சர்லாந்தின் நிக்கோல் ஹன்செல்மன் தனியாகப் பாய்ந்து இரண்டு நிமிட இடைவெளி பெற்றார். போகப் போக, முன்னே ஆடவர் பந்தயத்தின் கடைசி வண்டிகள் கண்ணில் பட்டுவிட்டன! உடனே நடத்துவோர் என்ன செய்தார்கள்? ஹன்செல்மனை நிறுத்தினார்கள், பெண்கள் அனைவரையும் நிறுத்தினார்கள், ஆண்கள் சற்று முன்னேறிப் போன பிறகுதான் மீண்டும் விட்டார்கள். நின்றதில் அவர் வேகம் குலைந்து, பின்னர் கூட்டத்தால் பிடிபட்டார். விரைந்து வந்ததற்காக ஒரு பெண் தண்டனை பெற்றது அன்றுதான் என்று நினைக்கிறேன். பாதுகாப்புக்காக நிறுத்தியது சரியே என்பார்கள், இருக்கலாம். ஆனால் புறப்படும்போதே இருபது நிமிட இடைவெளி விட்டிருக்கக்கூடாதா? பெண்கள் இவ்வளவு விரைவாக வருவார்கள் என்று யாருமே எண்ணிப் பார்க்கவில்லை, அதுதான் குறை.

தூரமும் நாள்களும் ஆண்களுக்குச் சமமாக இருக்க வேண்டுமா என்பதில் வீராங்கனையரிடையேயும் பல கருத்துகள் உண்டு. 2022-இல் ஒரு கட்டம் 175 கிலோமீட்டர். அதைப் பெண்கள் ஓட்டி முடித்தார்கள். ஆகவே வலிமை இல்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆயினும் நாளைக்கே 21 கட்டங்கள் வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மகளிர் அணிகள் ஆடவர் அணிகளைவிடச் சிறியவை, பணமும் குறைவு, மூன்று வாரத்தை அவை தாங்குமா என்பது ஐயமே. மேலும் குறுகிய பந்தயத்தில் முதல் மணியிலேயே போர் மூண்டுவிடுகிறது. ஆடவர் பந்தயத்திலோ சமவெளி நாள்களில் நான்கு மணி நேரம் சூரியகாந்தித் தோட்டங்களையும் பழைய கோட்டைகளையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் (மாமா அப்போது தூங்கிவிடுவார்). 2025-இல் மகளிர் பந்தயம் ஒன்பது கட்டங்களாக வளர்ந்தது. பிரான்சின் போலின் ஃபெரான் பிரேவோ வென்றார். இப்படிப் படிப்படியாக வளர்வதில் எனக்குக் குறையில்லை. எவ்வளவு தூரம் என்பதைத் தீர்மானிக்கும் மேசையைச் சுற்றி ஓட்டுகிறவர்களும் உட்கார்ந்திருக்கிறார்களா என்பதே என் கேள்வி.

ஊதியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020-க்கு முன் மகளிர் அணிகளுக்குக் குறைந்தபட்ச ஊதியமே விதிக்கப்படவில்லை. பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி செய்தார்கள். 2020-இல் முதல்நிலை அணிகளில் ஆண்டுக்கு 15,000 யூரோ என்று வகுத்தார்கள். 2023-இல் அது 32,102 ஆயிற்று. ஆடவரின் இரண்டாம் நிலை அணிகளுக்கு என்ன தொகையோ அது. மகப்பேற்று விடுப்பும் விதிகளில் இடம்பெற்றது. நான் முன்பு சொன்ன டைக்னன், 2018-இல் ஒரு பெண்குழந்தைக்குத் தாயான பின் திரும்பி வந்துதான் ரூபேயில் வென்றார் என்பதைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

கணக்குப் பாடத்தைக் கண்டு அஞ்சும் தோழியர் கவனிக்க வேண்டியவர் ஆஸ்திரியாவின் ஆனா கீசன்ஹோஃபர். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். எந்தத் தொழில்முறை அணியிலும் அப்போது அவர் இல்லை. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 137 கிலோமீட்டர் பந்தயத்தின் தொடக்கத்திலேயே பாய்ந்து போனார். ஒலிம்பிக்கில் காதில் வைக்கும் வானொலிக் கருவிக்கு அனுமதி இல்லை. பின்னால் வந்த வான் வ்ளூட்டன், முன்னே ஒருவர் இருக்கிறார் என்பதே தெரியாமல், தாமே வென்றதாக எண்ணிக் கைகளை உயர்த்திக்கொண்டு கோட்டைக் கடந்தார். கீசன்ஹோஃபர் வந்து 75 விநாடி ஆகியிருந்தது!

ஆப்கானிஸ்தானின் பரீபா ஹாஷிமி, யுல்துஸ் ஹாஷிமி என்னும் சகோதரியரைப் பற்றிச் சொல்லத் தனிக் கட்டுரையே வேண்டும். மிதிவண்டி ஓட்டியதற்காக ஊராரின் ஏச்சைக் கேட்டவர்கள், 2021-இல் நாட்டைவிட்டு வெளியேறி இத்தாலியில் அடைக்கலம் புகுந்து, 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் தம் நாட்டின் பெயரால் ஓட்டினார்கள். ஒரு பெண் மிதிவண்டியில் ஏறுவது சின்னக் காரியம் அன்று என்பது நம் தமிழ்நாட்டுக்கும் தெரியும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொண்டதை நம் பாட்டிமார் கேட்டிருப்பார்கள். அடுத்த ஆண்டு பதினோராம் வகுப்பில் எங்களுக்கும் அரசின் விலையில்லா மிதிவண்டி கிடைக்கும். நடுவில் கம்பி இல்லாத, முன்னால் கூடை வைத்த வண்டி. அதில் ஆல்ப்ஸ் மலை ஏற முடியாது என்பது உண்மைதான்.

பெற்றோர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. பத்தாம் வகுப்பு வந்ததும், "பொதுத்தேர்வு ஆண்டு, விளையாட்டு வேண்டாம்" என்று எங்கள் வகுப்பிலேயே பலரை நிறுத்திவிட்டார்கள். எட்டாம் வகுப்பில் வட்டார ஓட்டப்பந்தயத்தில் வென்ற என் தோழி இப்போது மாலை நேரத்தில் மைதானத்தை ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். அவளுடைய அண்ணன் பத்தாம் வகுப்புப் படித்த ஆண்டும் கிரிக்கெட் விளையாடினானாம். மதிப்பெண் முக்கியம் என்பதை நான் மறுக்கவில்லை. மாலையில் முக்கால் மணி நேரம் போதும் என்றே கேட்கிறேன்.

தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களிடமும் ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் மண்டபத்தில் எங்களுக்குப் படம் காட்டுவது வழக்கம். அதில் ஒரு வாரம் 2024-ஆம் ஆண்டு ஆல்ப் துவேஸ் மலையேற்றத்தைக் காட்ட வேண்டும். சுருக்கிக் காட்ட வேண்டாம், சிஸ்டர். மலையடிவாரத்திலிருந்து உச்சி வரை முழுவதும் வேண்டும். மண்டபத்துக் கரும்பலகையில் விநாடிக் கணக்கை நான் எழுதிக்கொண்டே வருகிறேன்.